உரமேறின கால்

வலது காலுக்கான ஒற்றைச் செருப்பு ஒன்று எங்கள் வீட்டு வாசலில், செருப்பு வைக்கும் தட்டின் கடைசி வரிசையில் கிடக்கிறது. கறுப்பு நிறம். வாருக்குப் பதிலாக ஒட்டிப் பிரிக்கிற பட்டை. மிதித்தால் அமுங்குகிற மெத்தென்ற அடி. சர்க்கரை நோய்க்காரர்களுக்கென்றே செய்கிற எம்.சி.ஆர். செருப்பு. இதோடு பிறந்த இடது செருப்பு தேய்ந்து, பட்டை பிய்ந்து, எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. வலது மட்டும் கடை மெருகு குலையாமல் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டைத் துப்புரவு செய்யும்போது என் மனைவி அதைத் தூக்கிக் காட்டி, "ஒத்தச் செருப்ப வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீய?" என்பாள். "நொண்டிச் சாக்குச் சொல்லும்போது காட்டுததுக்கு ஒண்ணு வேணும்லா" என்பேன். முதல் வருஷம் சிரித்தாள். இப்போதெல்லாம் தூசியைத் தட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள்.

அது என் அத்தானுடையது. அக்காவின் கணவர். என் காலைவிட ஒரு அளவு பெரியது. அவர் கண் முன்னாலேயே ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். குதிகாலுக்குப் பின்னால் இடம் காலியாகக் கிடந்தது. நடந்தால் கால் முன்னும் பின்னும் வழுக்கியது. "பெரிய மனுசன் செருப்புல சின்னப்பய காலு" என்று அத்தான் கட்டிலில் உட்கார்ந்தபடி சிரித்தார். அப்போது அந்தச் செருப்பைப் போட்டுக்கொள்ள அவரிடம் கால் இல்லை.

அத்தான் ரயில்வேயில் கீமேனாக இருந்தார். மணியாச்சிப் பக்கம் அவருக்கென்று ஒதுக்கிய தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கிற வேலை. தோளில் நீளமான ஸ்பேனர், கையில் சுத்தியல், இடுப்பில் செருகிய சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப் எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே நின்று ஒரு அடி. பிறகு நடை. இரண்டு பக்கமும் கரிசல். கோடையில் கையை விட்டால் முழங்கை வரை போகிற வெடிப்பு. மழைக்குப் பிறகு உளுந்தும் பருத்தியும். காலுக்குக் கீழே கருங்கல் ஜல்லி. ரயில்வே கொடுத்த பூட்ஸை, மேலதிகாரி டிராலியில் வரும் நாளில் மட்டும் போடுவார். மற்ற நாளெல்லாம் தேய்ந்த ரப்பர் செருப்புதான். கேட்டால் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டுவார். ஏதோ பதக்கத்தைக் காட்டுகிற மாதிரி இருக்கும். "உரமேறின கால் மாப்ள. முள்ளு தச்சா முள்ளுக்குத்தான் வலிக்கும்."

இடைசெவலில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தபோது, காட்டு வழியில் ஒரு உடைமுள் என் காலில் ஏறி நான் போட்ட கூச்சலில் மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் ஓடி வந்துவிட்டார்கள். பெண்ணைத்தான் ஏதோ செய்துவிட்டது என்று நினைத்தார்களாம். அத்தான் என் காலை மடியில் வைத்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, வந்தவர்களிடம், "ஒண்ணுமில்ல, எங்க கொசுவ முள்ளு கடிச்சிட்டு" என்றார்.

கொசு என்பது எனக்கு அவர் வைத்த பெயர். நான் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற ரத்தப் பரிசோதனைக் கடையில் டெக்னீசியன். நான் டாக்டராக வேண்டும் என்று வீட்டில் ஜெபித்தார்கள். மதிப்பெண் பட்டியல் ஜெபத்துக்குச் செவிகொடுக்கவில்லை. ஊசி மட்டும் கைக்கு வந்தது. வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு யாராவது "டாக்டரய்யா" என்றால் மறுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. மற்றவர்கள் ரத்தத்தைக் குழாய் குழாயாக உறிஞ்சுகிறவன், என் விரலில் சவர பிளேடு கீறினால் உட்கார்ந்து தண்ணீர் கேட்பேன். ஊரே என்னிடம் கை நீட்டினாலும் அத்தான் மட்டும் நீட்டமாட்டார். "எனக்கு என்னலே கேடு? நடக்கிறவனுக்கு நோய் வருமா?" என்பார். நானும் சரிதான் என்று இருந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நம்பிக்கை. சீனி வியாதி உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்கு, கடையில் கல்லாப்பெட்டி முன்னால் இருப்பவருக்கு. ஜல்லியில் நடக்கிறவனைத் தேடி அது ஏன் வருகிறது?

ஒருநாள் மதியம் அக்கா போன் செய்தாள். அடுக்களைத் தரையில் வரிசையாகச் சிவப்புத் திட்டுகள், நீ உடனே வா என்றாள். நான் போனபோது அத்தான் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து அவர் வலது கால் வரைக்கும் ரத்தத் தடம். அவர் அதைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "யாரு ரத்தம்லே இது?"

கருவேல முள் ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்து, உள்ளங்காலில் ஏறி, உள்ளேயே ஒடிந்திருந்தது. அத்தோடுதான் தண்டவாளத்தை முழுக்க நடந்து முடித்துவிட்டு வந்திருக்கிறார். நான் இடுக்கியால் இழுத்தபோதும் முகம் சுளிக்கவில்லை. "பாத்தியா, உரமேறின காலுன்னா என்னன்னு" என்று அக்காவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் அவர் கையில் ஊசியைக் குத்தினேன். கடைக்குக் கொண்டுபோய் மெஷினில் வைத்தால், எண்ணே வரவில்லை. என்னால் இதற்கு மேல் எண்ண முடியாது என்று எழுத்தில் காட்டியது. போனில் சொன்னபோது, "மெஷினு பயந்துட்டோ?" என்றார். டாக்டர் காலைத் தொட்டும் தட்டியும் பார்த்துவிட்டு, இது வந்து ரொம்ப வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்றார். இத்தனை காலமும் உரம் ஏறுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, உணர்ச்சி இறங்கிக்கொண்டிருந்ததை.

அதற்குப் பிறகு அத்தான் சர்க்கரையை அடக்கிய விதத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நானாக இருந்தால் டாக்டர் பெயரைச் சொல்லியே இரண்டு லட்டு கூடத் தின்றிருப்பேன். அவர் வேறு ஜாதி மனிதர். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் 'கீமேன் டீ' என்றே ஒன்று இருந்தது. ஸ்பூன் நிற்கிற அளவுக்குச் சீனி போட்டது. அந்தக் கடையிலேயே நின்று, அந்த மாஸ்டர் கையாலேயே, சீனி இல்லாத டீயைக் கசாயம் மாதிரிக் குடித்தார். கோவில்பட்டியில் வாழ்கிறவன் கடலை மிட்டாய் வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எத்தனை தெருவைத்தான் தாண்டுவான்? அவர் தாண்டினார். கிறிஸ்துமஸுக்கு அக்கா முந்திரிக்கொத்து சுடுகிற நாளில் வேண்டுமென்றே லீவு எடுக்காமல் லைனுக்குப் போனார். மாத்திரையை வண்டி நேரம் போலப் பார்த்துப் பார்த்துப் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் முன்னால் வந்து சட்டைக் கையை மடிப்பார். "குடி கொசு." முடிவு வந்ததும் ஒரே கேள்வி: "அடங்கிட்டா?"

"அடங்கிட்டு அத்தான்."

"அடங்காம எங்க போவும்? நான் கொடி காட்டுனா எக்ஸ்பிரஸே நிக்கும், இது என்ன."

அந்த வார்த்தை எங்கள் வீட்டில் பண்டிகை வார்த்தை ஆயிற்று. அடங்கிட்டு. அக்கா சர்ச்சில் எழுந்து சாட்சி சொன்னாள். நான் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு பூ வரைந்து கொடுத்தேன். வருஷங்கள் அப்படிப் போயின, எல்லாம் நல்ல எண்கள்.

பிறகு ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே எதையோ கையால் விலக்கிக்கொண்டே இருந்தார். ஒட்டடை என்றார். வீட்டில் ஒட்டடை இல்லை. அது கண்ணுக்குள் கசிந்த ரத்தம். லைன் வேலையை விட்டு இறக்கி, ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்த கொஞ்ச நாளில் வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். புளியங்கொட்டை அளவுதான். கட்டுப் போட்டார்கள், மருந்து மாற்றினார்கள், எம்.சி.ஆர். செருப்பு வாங்கச் சொன்னார்கள்; கட்டுப் போட்ட காலில் வலது செருப்பு ஏறவேயில்லை. புண் ஆறவில்லை. நான் ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்தேன். சர்க்கரை அடங்கித்தான் இருந்தது. டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாத்தான் இருக்கு. இது பழைய சுகர் செஞ்ச வேலை" என்றார்.

"பழசத்தான் நான் ஒழிச்சிட்டேனே சார்" என்றார் அத்தான். டாக்டர் பேனாவை மூடினார். அந்தக் கேள்வி பிறகு எங்கள் வீட்டில் எல்லோர் தட்டிலும் சோற்றோடு கிடந்தது. தப்புச் செய்தவன் திருந்திய பிறகும் தண்டனை ஏன் நடந்துகொண்டே இருக்கிறது? என் மெஷினுக்கு மூன்று மாதத்துக்கு முந்தியது எதுவும் தெரியாது. எனக்கோ மெஷின் சொன்னதற்கு மேல் எதுவும் தெரியாது.

அக்கா மகள் மதுரையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. 'ரத்தத்துல ஏதோ' என்று சொல்லிக்கொள்வோம். நானும் ரத்தம், அவளும் ரத்தம், ஆகவே மாமனைப் போல மருமகள் என்று ஊரில் நான் கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டதும் உண்டு. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தவள், அப்பாவின் காலை முக்காலியில் தூக்கி வைத்துக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அத்தான் கேட்டார்: "நீ என்னதான் படிக்க தாயி? எனக்குப் புரியுத மாதிரிச் சொல்லு."

"மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணுப்பா. நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கெடக்கும், பொடிப் பொடிசா. ஜீன்ல இருந்து ஒரு உத்தரவு கெளம்பிப் போவும், இன்ன புரோட்டீனச் செய்யின்னு. இது நடுவழில போயி அந்த உத்தரவப் புடிச்சிக்கிடும். உத்தரவு போய்ச் சேராதுல்லா. அப்படி அந்த ஜீனையே அடக்கிப் போட்டுரும்."

"எத?"

"ஜீனையேப்பா."

"ஓகோ." அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்குப் பேரு இருக்கா?"

"நம்பர்தான். நூத்து இருபத்தாறு, இருபத்தொண்ணு, இப்படி எக்கச்சக்கம் இருக்கு."

"வண்டி நம்பர் மாதிரி. நூத்து இருபத்தாறு எந்தப் பக்கம் போற வண்டி?"

அவள் சிரித்துவிட்டாள். "அது ரத்தக்குழாயப் பாத்துக்கிடுத வண்டிப்பா. சுகர் உள்ளவங்களுக்கு அது கொறஞ்சு போவுது. இருபத்தொண்ணு கூடுனா கிட்னி தழும்பேறிப் போவும்."

"கொறஞ்சத ஏத்தி விட்டா?"

"அதத்தாம்பா பாத்துக்கிட்டு இருக்கோம்."

அன்றைக்கு அத்தான் முகத்தில் பழைய களை வந்தது. அடுத்த வாரத்தில் டீக்கடை முழுக்க அதே பேச்சு. என் கடைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்கள்: "உங்க மருமவ ஏதோ நூத்து இருபத்தாறாம் நம்பர் மருந்து கண்டுபிடிச்சிருக்காளாமே, வந்துட்டா?" தகப்பன் மகளைப் பற்றிப் பெருமையை ஒரு பிடி கூடப் போட்டுப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். சீனியைக் குறைத்த மனிதன் பெருமையையாவது கூடப் போட்டுக்கொள்ளட்டும். "வண்டி லேட்டு அண்ணாச்சி, அவுட்டர்ல நிக்கி" என்று சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தேன்.

பங்குனி வெயிலில் அத்தானைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு விரல் கறுத்திருந்தது. சர்ஜன் பார்த்தவுடன், "உங்க ஊர் டாக்டர் தை மாசமே அனுப்பினதா எழுதியிருக்காரே, இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். எனக்கும் அக்காவுக்கும் அது புதுச் செய்தி. விரலை உடனே எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். அத்தான் கைகூப்பி, "கொஞ்ச நாள் போவட்டும் சார்" என்று எழுந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ் கயத்தாற்றில் நின்றது. வெள்ளரிக்காய் விற்கிறவள் ஜன்னலுக்குக் கீழே வந்தாள். அத்தான் காலை எதிர் சீட்டுக்கு அடியில் நீட்டி வைத்துக்கொண்டு, எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். நான் கோபத்தில் கடிக்கவில்லை.

"எதுக்குப் போவட்டுங்கிய அத்தான்? தையில இருந்து எதுக்குச் சொல்லாம இருந்திய?"

"ஏலே, சீனியே அடங்கிப் போச்சுன்னா வெரல எதுக்கு வெட்டணும்?"

"சீனி அடங்கித்தான அத்தான் இருக்கு. வருசக்கணக்கா அடங்கித்தான இருக்கு."

"இது மாத்திரைக்கு அடங்குனது மாப்ள. மேலாக்க அடங்குனது. அது உள்ளுக்குள்ள போயி அடக்கும். எம் மக எங்கிட்ட வாயால சொன்னா, ஜீனியே அடக்கிப் போட்டுரும்னு. அது வரட்டும். அதுவரைக்கும் இந்த வெரலு தாங்கும். உரமேறின காலுல்லா."

பஸ் கிளம்பியது. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் என்று ஊரில் எனக்குப் பேர். அந்தப் பேர் கயத்தாற்றில் இறங்கிக்கொண்டது. ஜீனையே என்று அவள் சொன்னதும், ஜீனியே என்று அவர் காதில் விழுந்ததும், நானும் அதே அறையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்ததும் ஒன்றாகக் கண்ணுக்கு முன் வந்தன. ஆயுசு முழுக்க ரயில் சத்தத்துக்குப் பக்கத்தில் நடந்த காது. வருஷக்கணக்காக, சீனி என்ற ஒரே வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் பயந்த காது. வேறு எது விழும்? புத்தகத்தில் எழுதியிருந்தால் ஒரு சுழி. அந்தச் சுழியில் தையிலிருந்து பங்குனி வரை ஒரு புண் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை வண்டியில் அக்கா மகள் வந்தாள். நான் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். வந்தவள் கைப்பையைக் கூட இறக்காமல் அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஜீன் வேறு, ஜீனி வேறு என்று சொன்னாள். தான் சொன்னது ஒரு மருந்தைப் பற்றி இல்லை, ஏற்கெனவே உடம்பில் இருப்பதைப் பற்றி என்று சொன்னாள். அத்தான் கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கி முக்காலியில் வைத்தார்.

"அப்பம் நான் அடக்கி வச்சிருக்கது?"

"அது நெசம்தாம்பா. நீங்க அடக்குனது நெசம். ஆனா..." அவள் கைப்பையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு, "அப்பா, ஒரு எடத்துல லைன் பழுதுன்னா காஷன் போர்டு வைப்பாங்கள்ல?" என்றாள்.

"வேகம் கொறைக்கணும்னு வைக்கிறதுதான. ஆமா."

"லைனச் சரி பண்ணியாச்சு. போர்ட எடுக்காம விட்டுட்டாங்க. வண்டி என்ன செய்யும்?"

"மெதுவாத்தான் போவும். லைன் சரியானது டிரைவருக்கு எப்படித் தெரியும்? அவனுக்குப் போர்டுதான் கணக்கு."

"அதாம்பா நடந்திருக்கு. சுகர் ரொம்ப நாளு எக்கச்சக்கமா இருந்தப்ப, செல்லுக்குள்ள அங்கங்க போர்டு நட்டுட்டுப் போயிட்டு. இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.யும் அதுல ஒண்ணுன்னு நெனைக்கோம். இப்ப சுகர் சரியாயிட்டு. ஆனா கண்ணுலயும் கால்லயும் இருக்க ரத்தக்குழாய்க்கு அது தெரியல. அது இன்னும் பழைய போர்டப் பாத்துத்தான் ஓடுது."

அத்தான் தலையை ஆட்டினார். வருஷக்கணக்காக டாக்டர்களிடம் கேட்ட கேள்விக்கு அன்றுதான் அவருக்குப் பதில் கிடைத்தது. புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. புரிந்ததும் அவர் கேட்டது, வேலை தெரிந்தவன் கேட்கிற கேள்வி.

"சரி. போர்ட யாரு எடுக்கணும்?"

"தெரியலப்பா."

"ஒங்க வாத்தியாருக்கு?"

"அவருக்கும் தெரியாதுப்பா."

"வெளிநாட்டுல?"

"அங்கனயும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். "கொசு இருக்கானே. எங்கிட்ட ஒரு குழாய் எடுத்துக் குடுக்கச் சொல்லுதேன். நூத்து இருபத்தாறு எம்புட்டு மிச்சம் கெடக்குன்னு நீயே பாரேன் தாயி."

"பாத்தா தெரியும்பா. தெரிஞ்சிக்கிட்டு செய்யதுக்கு ஒண்ணுமில்ல."

அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்; நான் ஏதாவது பகடி பேசிச் சமாளித்திருப்பேன். அவள் கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவத் தொடங்கினாள். தண்ணீர் பட்டதும் அவருக்குத் தெரியவில்லை. அவள் கை வேறொரு ஆளின் காலைத் தொடுகிற மாதிரி அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, வெட்டச் சொல்லு" என்றார் கடைசியில், டீக்கடையில் டீ சொல்கிற குரலில்.

விரலோடு நிற்கவில்லை. பாதத்தோடும் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த அன்றுதான் வலது செருப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "வச்சிக்க மாப்ள. ஒத்தக்கால் கொசுவுக்கு ஆவும்." நான் போட்டுக்காட்டி, வழுக்கி விழுவதுபோல நடித்து, அவரைச் சிரிக்க வைத்ததை முதலிலேயே சொன்னேன். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்து ஒன்று சொன்னார். "எப்பப் போட்டாலும் கவுத்தித் தட்டிட்டுப் போடு. உள்ள என்ன கெடக்குன்னு காலு சொல்லாது. கண்ணுதான் சொல்லணும்." அவர் கண்ணும் அப்போது பாதிதான் சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் எண்களெல்லாம் கடைசி வரை நன்றாகவே இருந்தன. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது. முகம் வீங்கி, மூச்சு வாங்கி, சிறுநீரகம் போய்விட்டது என்று திருநெல்வேலியில் சொன்ன நாளில், "இருபத்தொண்ணாம் நம்பர் வண்டியும் வந்துட்டு போல" என்றார். மகளையும் என்னையும் தவிர அந்த அறையில் யாருக்கும் அது புரியவில்லை. அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். வாரம் தவறாமல் ரத்தத்தைச் சுத்தம் செய்யப் போய் வந்தோம். ஒவ்வொரு முறை நான் ரத்தம் எடுத்தபோதும் அதே கேள்வி. கேட்கிற குரல் மட்டும் ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டு வந்தது. அடங்கிட்டா? அடங்கிட்டு அத்தான்.

கால் போய் இரண்டு வருஷம் கழித்து, ஒரு சித்திரையில் அவரை அடக்கம் செய்தோம். அறிவிப்புத் தாளில் 'அடக்க ஆராதனை' என்று அச்சடித்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற வார்த்தைதான். அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தோண்டுகிறவர் இடுப்பளவு இறங்கியதும் மண்வெட்டியில் ஈரம் ஒட்டியது. "போன ஐப்பசியில பெஞ்சதுல்லா" என்றார் அவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "மேல காஞ்சு கெடக்கேன்னு பாக்காதிய. கரிசலு விடாது." அந்த ஈரத்தை நம்பித்தான் எங்கள் பக்கத்தில் பருத்தி காய்க்கிறது. எல்லோரும் அந்த மண்ணின் ஞாபகத்தைப் புகழ்ந்து பேசுவார்கள். அன்று முதல் என்னால் முடிவதில்லை.

மருமகள் பட்டம் வாங்கிவிட்டாள். வேறு ஊரில், அதே ஆராய்ச்சிதான். போனில் பேசினால் வேலையைப் பற்றிச் சொல்லமாட்டாள். ஒருமுறை நானே கேட்டேன், போர்டு எடுக்கிற ஆள் கிடைத்தாரா என்று. "புதுசு புதுசா போர்டுதான் மாமா கண்டுபிடிக்கோம்" என்றாள்.

எனக்கும் வந்துவிட்டது. கடைக்குப் புது மெஷின் வந்தபோது, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க யாராவது ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. கொசு தன் ரத்தத்தையே குடித்தது. கிடைத்த எண்ணைப் பார்த்து மெஷின் கோளாறு என்று கம்பெனிக்குப் போன் செய்தேன். கோளாறு மெஷினில் இல்லை. எத்தனை வருஷமாக இருந்ததோ, யாருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் பார்த்தவன் எனக்குப் பார்த்ததில்லை. அத்தான் விட்டதையெல்லாம் நானும் விட்டேன், அவர் அளவுக்கு ரோஷத்தோடு இல்லையென்றாலும். இப்போது மூன்று மாதச் சராசரி நன்றாக இருக்கிறது. ரிப்போர்ட்டின் அடியில் பூ வரைவதில்லை. போன மாதம் டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி எல்லாவற்றுக்கும் தெரியுது என்றேன். அவர் தொடாதபோதும் சொல்லியிருக்கிறேன். எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார்.

கறுப்பு, ஒட்டுகிற பட்டை. அதே மாதிரி. என் அளவு. தட்டில் அதை வைத்தேன். தினமும் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

முந்தாநாள் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து வாசலில் பட்டையைப் பிரித்தேன். காலையிலிருந்து நிற்கிற வேலை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டு நடை. மார்க்கெட்டுக்கு ஒரு நடை. மனைவி என் கையிலிருந்த பையை வாங்க வந்தவள், வாங்காமல் நின்றாள்.

"இது என்ன, அண்ணன் செருப்பையா போட்டுட்டுப் போனிய?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் என் செருப்பு. வலது காலில் அத்தானுடையது. குதிகாலுக்குப் பின்னால் காலியிடம் அப்படியே இருந்தது. தட்டின் மேல்வரிசையில், என்னுடைய வலது செருப்பு காலையில் நான் கவிழ்த்துத் தட்டி வைத்த இடத்திலேயே குப்புறக் கிடந்தது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லவேண்டும். எப்போதும் சொல்கிறவன்.

"உரமேறிப் போச்சுட்டி" என்றேன்.